போர்ச் செலவு யார் தலையில்?

தமிழின் முதல் நாளிதழுக்கும் ஒரு தூரத்துப் போருக்கும் வயது ஒன்று. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899-ல் நாளிதழானது. அதே ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. தங்கச் சுரங்கத்துக்கும் நிலத்துக்குமாக ஆங்கிலேயரும், டச்சு வழிவந்த போயர்களும் அடித்துக்கொண்ட போர். தினமும் வருகிற பத்திரிகை என்ற புதுப் பழக்கம் தமிழ் வாசகருக்குப் படிந்ததே ராய்ட்டர் தந்திகளில் வந்த அந்தப் போர்ச் செய்திகளோடுதான்.

அது வெள்ளைக்காரர்களுக்குள் நடக்கும் சண்டை என்றே லண்டன் சொல்லிக்கொண்டது. இந்தியச் சிப்பாயைத் துப்பாக்கியோடு இறக்கவில்லை. ஆனால் இந்தியாவில் நிறுத்தி வைத்திருந்த வெள்ளைப் பட்டாளங்களைக் கப்பலேற்றி நேட்டாலுக்கு அனுப்பினார்கள். அந்தப் பட்டாளங்களுக்கு வருஷக்கணக்காகச் சோறு போட்டது இங்கே வசூலான வரி. கோயம்புத்தூர் ஜில்லா, உடுமலைப்பேட்டை தாலுக்காவின் ஒரு மூலையில் அமராவதித் தண்ணீரில் நெல் விளைவித்துக்கொண்டிருந்த மடத்துக்குளத்துக் குடியானவன் கட்டிய கிஸ்தியும் அதில் சேர்த்தி.

சுப்பிரமணிய ஐயருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. 1897-ல் லண்டன் போய் வெல்பி கமிஷன் முன் சாட்சி சொன்னவர் அவர். இந்தியாவின் பெயரில் எழுதப்படும் செலவில் எது உண்மையில் இந்தியாவுடையது, எது இங்கிலாந்து தாங்க வேண்டியது என்று பார்க்க அமைத்த கமிஷன் அது. 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. மேல் பர்மாவைப் பிடித்து இந்தியாவோடு சேர்ப்பதை அந்தக் கூட்டம் ஆட்சேபித்தது. ராணுவச் செலவை ஏற்றுவது அநாவசியம் என்றது. தூரத்தில் நடக்கும் போரை நம் வீட்டு வரவு செலவில் வைத்துப் பார்க்கும் புத்தி, தமிழ்ப் பத்திரிகைக்குப் பிறந்தபோதே வாய்த்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

நேட்டாலில் நம் ஆட்களும் இருந்தார்கள். சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அதிலிருந்து கரும்புத் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழும் தெலுங்கும்தான். 1896 அக்டோபரில் காந்தி சென்னைக்கு வந்து பச்சையப்பன் மண்டபத்தில் அவர்கள் படும் பாட்டைச் சொன்னபோது கை கொடுத்த பத்திரிகைக்காரர்களில் சுப்பிரமணிய ஐயரும், ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்டு’ ஜி. பரமேஸ்வரன் பிள்ளையும் முக்கியமானவர்கள். மூன்று வருஷம் கழித்துப் போர் வந்தது. காந்திக்கு மனசுக்குள் போயர்கள் பக்கம் அனுதாபம். ஆனாலும் பிரிட்டிஷ் பிரஜைக்குரிய உரிமையைக் கேட்கிறவர்கள் பிரஜையின் கடமையையும் செய்ய வேண்டும் என்று ஆம்புலன்ஸ் படை திரட்டினார். ஏறக்குறைய 1,100 பேர்; பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியான் காப் சண்டையில் அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். 1902-ல் போர் முடிந்தது. சுமந்தவர்களின் இனத்துக்குக் கிடைத்தது, டிரான்ஸ்வாலில் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ளச் சொன்ன சட்டம். அதையடுத்த போராட்டங்களில் நாகப்பனும் தில்லையாடி வள்ளியம்மையும் செத்துப்போனார்கள்.

போருக்கு உதவினால் உரிமை கிடைக்குமா? போர்ச் செலவு யார் தலையில்? அடுத்த அரை நூற்றாண்டும் நம் பத்திரிகைகள் இந்த இரண்டு கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டன. பாரதி 1904-ல் ‘சுதேசமித்திர’னுக்கு உதவி ஆசிரியராக வந்தபோது ரஷ்ய-ஜப்பானியப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்குவது அவர் வேலை. கொரியாவும் மஞ்சூரியாவும் யாருக்கு என்று இரண்டு பேரரசுகள் மோதிய போர் அது. ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசைத் தோற்கடித்ததில் இங்கே எல்லோருக்கும் உற்சாகம். கொரியாக்காரனைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. 1908-ல் அடக்குமுறை வந்தது. சுப்பிரமணிய ஐயர் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். பாரதி எழுதிவந்த ‘இந்தியா’ பத்திரிகையின் பதிவு பெற்ற ஆசிரியர் சிறைக்குப் போனார். பாரதி புதுச்சேரிக்குப் போனார்.

முதல் உலகப் போரில் அந்தப் பழைய வழக்கு பெரிய அளவில் மறுபடி நடந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். 1917-ல் இந்திய அரசு பிரிட்டனுக்குப் போர் நன்கொடையாகப் பத்துக் கோடி பவுன் கொடுத்ததை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய குண்டு. கேட்டுக் கொடுத்த பணமல்ல. ஏனென்று கேட்க இங்கே ஓட்டுரிமையும் இல்லை. ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்டை’ விலைக்கு வாங்கி ‘நியூ இந்தியா’ என்று பெயர் மாற்றி நடத்திய அன்னி பெசன்ட், போர் முடியும் வரை உரிமைப் பேச்சு வேண்டாம் என்பதை ஏற்கவில்லை. பத்திரிகையின் ஜாமீன் தொகை பறிபோனது. 1917 ஜூனில் அவரை உதகையில் காவலில் வைத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் திரு.வி.க. ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். 1918 செப்டம்பரில் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் அரிசிக் கடைகளும் துணிக் கடைகளும் சூறையாடப்பட்டன. போரால் ஏறிய விலை, பத்திரிகையே படிக்காதவர்களையும் தெருவுக்கு இழுத்த நாட்கள் அவை. உரிமை கிடைத்ததா? 1919-ல் ரௌலட் சட்டமும் ஜாலியன் வாலாபாகும் கிடைத்தன.

இப்படி அச்சாகும் ஒரு பிரதி மடத்துக்குளம் மாதிரியான ஊருக்கு எப்படி வந்தது? 1928-ல் திண்டுக்கல்–பொள்ளாச்சி ரயில் பாதை இந்த வழியாகப் போடப்படும் வரை மாட்டுவண்டிப் பாதையும் தபாலும்தான். வந்து சேரும்போது செய்திக்கு வயதாகியிருக்கும். ஊருக்கு ஒரு பிரதி, இரண்டு பிரதி. வாத்தியாரோ கர்ணமோ திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார், சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். ‘அங்க நிறுத்துங்க, இன்னொருக்காப் படிங்க’ என்று ஒருவர் மறிப்பார். ‘அவன் தோத்தா நமக்கென்னுங்க?’ என்பார் இன்னொருவர். வாசிப்பு அங்கேயே நின்று பேச்சாகிவிடும். பிடிக்காத செய்தியைத் தாண்டிப் போகும் வசதி கேட்பவனுக்குக் கிடையாது. பிடிக்காத கருத்தைச் சொன்னவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பின்னால் டீக்கடைகளும் முடிதிருத்தும் கடைகளும் கட்சிப் படிப்பகங்களும் அந்தத் திண்ணையின் இடத்தைப் பிடித்தன.

அந்தத் திண்ணையை நான் புனிதமாக்க விரும்பவில்லை. அதில் ஏறி உட்கார எல்லோருக்கும் அனுமதி இருந்ததில்லை. பண்ணையத்தில் உழைத்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்று காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டார்கள். பிற்பாடு டீக்கடை வந்தபோது தனி டம்ளரும் கூடவே வந்தது. பெண்கள் எங்கேயுமே இல்லை. 1918-ல் அரிசி விலை ஏறியதை முதலில் அறிந்தவள் அடுப்படியில் இருந்தவள். அதைப் பற்றிய பேச்சில் அவளுக்கு இடமில்லை.

ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்து டீக்கடைப் பெஞ்சு ஒன்றை நினைத்துப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. 1942-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு. பர்மா போனதும் பர்மா அரிசி நின்றது. மலேயா ரப்பர் தோட்டங்களுக்குப் போன உறவுக்காரரிடமிருந்து கடிதம் நின்றது. பெஞ்சில் இருக்கும் நாலு பேருக்கு நாலு நிலைப்பாடு; ஒவ்வொன்றுக்கும் அச்சில் ஒரு ஆதரவு. காங்கிரஸ்காரர் கையில் டி.எஸ். சொக்கலிங்கத்தின் ‘தினமணி’: சுதந்திரம் தராதவனின் போருக்கு ஒத்துழைப்பு இல்லை. சுயமரியாதைக்காரர் கையில் ‘விடுதலை’: ஹிட்லர் ஜெயிக்கக் கூடாது, போருக்கு ஆதரவு. கம்யூனிஸ்டு கையில் ‘ஜனசக்தி’: முதலில் ஏகாதிபத்தியப் போர், ஜெர்மனி சோவியத்தைத் தாக்கிய பிறகு மக்கள் போர். நாலாமவர் ராஜாஜியின் ஆள். போர்க்காலத்தில் வெள்ளையனே வெளியேறு என்பது தவறு என்றவர் ராஜாஜி; அந்த வருஷம் காங்கிரசையே விட்டு விலகியிருந்தார். நாலு பேரும் ஒரே ஜில்லாக்காரர்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் முகம் பார்த்தாக வேண்டியவர்கள்.

இதெல்லாம் தணிக்கைக்கு நடுவே நடந்தது. பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மேல் தொங்கியது. ஆகஸ்ட் கலகத்தில் சூலூர் விமானத் தளம் எரிந்தது. ஏன் எரிந்தது என்று எழுத முடியாது. தணிக்கைக்குப் பணிந்து வருவதைவிட வராமலே இருப்பது மேல் என்று ‘தினமணி’ சில காலம் வெளியீட்டை நிறுத்தியது. காகிதத் தட்டுப்பாட்டில் பக்கங்கள் சுருங்கின. அந்த நெருக்கடிக்குள்தான் நவம்பரில் சி.பா. ஆதித்தனார் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார், சிங்கப்பூரில் வக்கீலாக இருந்துவிட்டு வந்தவர். 1941 மே மாதமே பி.பி.சி. தமிழில் பேச ஆரம்பித்திருந்தது. எதிர்ப்பக்கத்து ரேடியோவில் சுபாஷ் போஸ் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தில் நம் தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள் என்ற சேதி, 1945 நவம்பரில் செங்கோட்டை விசாரணை தொடங்கியபோதுதான் பத்திரிகைகளில் பகிரங்கமாக விரிந்தது. எழுத விடாத காலத்து வாசகன், எழுதியதை வைத்து எழுதாததைக் கண்டுபிடிக்கப் பழகியிருந்தான். ‘திட்டமிட்டபடி பின்வாங்கினோம்’ என்று போட்டிருந்தால் ஊர் கைவிட்டுப் போயிற்று என்று அர்த்தம்.

நடுவில் இருந்த காலத்தை வேகமாகக் கடக்கிறேன். அயல்மண் போர் ஒன்று மேற்குத் தமிழகத்து டீக்கடைகளிலும் பனியன் கம்பெனி வாசல்களிலும் கடைசியாகச் சத்தமாகப் பேசப்பட்டது 2009-ல், ஈழத்துக்காக. அது வேறு வகையான போர். ரத்த உறவு சம்பந்தப்பட்டது. அது முடிந்த மே மாதத்துக்குப் பிறகு எந்தப் போருக்கும் அந்தப் பெஞ்சு அப்படிக் கொதித்து நான் பார்க்கவில்லை.

இன்றைய மடத்துக்குளம் வேறு ஊர். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானது; மடத்துக்குளம் ஒரு தாலுக்காவின் தலைமையிடமானது. நெல், கரும்பு, தென்னை இன்னும் இருக்கின்றன. கூடவே நூல் மில்கள் வந்தன, பழைய காகிதத்தைக் கூழாக்கிப் புதுத் தாள் செய்யும் பேப்பர் மில்கள் வந்தன. விடிவதற்குள் கம்பெனி வேன்கள் கிராமம் கிராமமாக ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய். கிஸ்தி கட்டிய குடியானவனின் பேத்தி இன்று கட்டிங், செக்கிங், ஓவர்லாக் என்று ஐரோப்பாவோடும் அமெரிக்காவோடும் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறாள்.

ஆகவே போர் முன்னைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. தன் பழைய பேரரசின் ஒரு துண்டைத் திரும்பப் பிடிக்கும் போர் அது என்பது என் முடிவு. இந்தியா இறக்குமதி செய்த நியூஸ்பிரிண்ட் தாளில் பெரும் பங்கு ரஷ்யாவிலிருந்து வந்தது. தாள் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகி, பத்திரிகைகள் மறுபடி மெலிந்தன, 1942 மாதிரியே. வாசகர் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? போர்ச் செய்தியைச் சுமந்து வந்த தாளையே போர் தின்றுகொண்டிருந்தது.

2023 அக்டோபரில் காஸா. நவம்பரிலிருந்து ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். தூத்துக்குடியில் ஏறிய திருப்பூர் கன்டெய்னர்கள் சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ட்ரூரோ போய் நின்ற அதே தென்னாப்பிரிக்கக் கரையோரம். பத்து, பதினைந்து நாள் கூடுதல். கப்பல் வாடகை மடங்கு மடங்காக ஏறியது. சீசனுக்கு இரண்டு வாரம் பிந்திப் போகும் உருப்படியை வாங்குபவர் தள்ளுபடி கேட்பார், இல்லையென்றால் விமானத்தில் அனுப்பச் சொல்வார். இரண்டில் எதுவானாலும் கம்பெனிக்காரர் கை வைக்கும் முதல் இடம் ஓவர்டைம்.

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் துணிக்குக் கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு அபராதம். திருப்பூர் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது வரி 20 சதவீதம். ஆர்டர்கள் பாதியில் நின்றன. அந்த நாட்களில் மடத்துக்குளம் நால்ரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் கேட்ட பேச்சு இது. பேசியவர்கள் ஒரு கம்பெனி வேன் டிரைவரும், சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும். பெரியவர் கையில் முதல் தாள், டிரைவர் கையில் நடுத் தாள். ஒரு பேப்பரை நாலு தாளாகப் பிரித்து நாலு பேர் படிக்கும் வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை.

“ஏனுங்கண்ணா, உக்ரைன்ல எவனோ சண்டை போடறதுக்கு எங்க கம்பெனில எதுக்குங்க நைட் ஷிப்ட நிறுத்தறாங்க?”

“ரஷ்யாக்காரன்கிட்ட நாம எண்ணெய் வாங்கறமல்ல தம்பி. அதுக்கு அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான்.”

“எண்ணெய் வாங்குனது நானுங்களா? பெட்ரோல் வெலை ஒண்ணும் கொறையலீங்களே. கொறஞ்ச வெலைல வாங்குன லாபம் யாருக்குப் போச்சுங்க?”

பெரியவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். அந்தக் கேள்விக்கான பதில் முதல் தாளில் இல்லை, நடுத் தாளிலும் இல்லை. வெல்பி கமிஷன் முன் சுப்பிரமணிய ஐயர் நின்று கேட்டதும் இதுவேதான்: லாபம் ஒருவருக்கு, செலவு இன்னொருவர் கணக்கில், இது என்ன நியாயம்? 2022-க்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு மிகச் சிறியது. பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதை வாங்கியதில் தேசத்துக்கு நன்மை உண்டு என்று வாதிடலாம். நானும் அதை முழுக்க மறுக்கவில்லை. ஆனால் அந்த நன்மைக்கான விலையைத் திருப்பூரின் பீஸ் ரேட் தொழிலாளி தனியாகக் கொடுக்க வேண்டும் என்று எந்த மன்றத்தில் விவாதித்து முடிவானது?

இன்று தணிக்கை அதிகாரி உட்கார்ந்து வரியை வெட்டுவதில்லை. போர்ப் படங்கள் கைபேசியில் நொடிக்கு நொடி வருகின்றன. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு போர். ஒருவர் கையில் ரஷ்யா ஜெயித்துக்கொண்டே இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர் கையில் தோற்றுக்கொண்டே இருக்கிறது. இரண்டு பேரும் காதில் ஹெட்செட். மறிக்க ஆளில்லை. காஸாவில் பிள்ளைகள் செத்துக் கிடக்கும் படத்துக்கு அடுத்தாற்போல் சினிமாப் பாட்டு ஓடுகிறது. பத்திரிகையோ ஏவுகணையை முதல் பக்கத்திலும், கப்பல் வாடகையை வர்த்தகப் பக்கத்திலும், ஓவர்டைம் போன சேதியை உள்ளூர்ப் பக்கத்தின் மூலையிலும் போடுகிறது. மூன்றும் ஒரே செய்தி. பிரித்துப் போட்டுப் போட்டே வாசகனுக்குச் சம்பந்தம் தெரியாமல் செய்துவிட்டோம். 1918-ன் வாசகனுக்கும் 1942-ன் வாசகனுக்கும் தெரிந்திருந்த சம்பந்தம் அது.

ஒரு மாற்றம் மட்டும் எனக்கு நம்பிக்கை தருகிறது. நூல் மில் விடுதிகளிலும் கம்பெனி வேன்களிலும் இருக்கும் பெண்களின் கையில் இப்போது கைபேசி இருக்கிறது. செய்தி நேராக அவர்களிடம் வருகிறது. திண்ணையும் பெஞ்சும் நூறு வருஷமாகச் சேர்த்துக்கொள்ளாதவர்கள் இவர்கள். வரி விவகாரத்தின்போது செக்கிங்கில் வேலை செய்யும் பெண்கள் வேனில் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டேன். எந்தக் கம்பெனியில் எந்த நாட்டு ஆர்டர் ஓடுகிறது, எது நின்றது, வங்கதேசத்துக்கு எது போனது என்று லேபிளைப் பார்த்தே சொன்னார்கள். நிருபர் யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. அவர்கள் சொன்னது எங்கும் அச்சாகவில்லை.

திருப்பூர்ப் பதிப்புகளின் ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். போர்ச் செய்தி வரும் நாளெல்லாம் அதன் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டி போடுங்கள்: தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கன்டெய்னர் வாடகை இன்று எவ்வளவு, போன மாதம் எவ்வளவு, அமெரிக்க வரி எவ்வளவு, திருப்பூரிலும் உடுமலையிலும் மடத்துக்குளத்திலும் இந்த வாரம் எத்தனை ஷிப்ட் ஓடியது. கடைசிக் கணக்கை அந்த வேன்களில் போகும் பெண்களிடமே கேட்டு வாங்கலாம். காலை ஆறு மணிக்கு நால்ரோட்டில் நின்றால் போதும்.